ரௌட்டர் வாங்கும்போது போர்ட்டையும் பாருங்கள்

வீட்டுக்கு விலை குறைந்த ரௌட்டர் வாங்குகிறீர்களா? பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1200 என்ற எண்ணை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் 300 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு), 5 கிகாஹெர்ட்ஸில் 867 என இரண்டையும் கூட்டி, வரும் 1167-ஐ 1200 ஆக்கிச் சொல்லும் கணக்கு.

கேபிள் செருகும் போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகம் தாங்குமா என்று பாருங்கள். மலிவான மாடல்கள் பலவற்றில் அது 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டினாலும், ஸ்பீட் டெஸ்டில் முள் 94, 95-லேயே நின்றுவிடும். பலர் இதற்கு இணைய நிறுவனத்தோடு சண்டை போடுகிறார்கள், பாவம்.

ஆன்டெனா எத்தனை என்பதைவிட, பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வருகிறதா என்பது முக்கியம். டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை இருந்தால் நல்லது. அப்புறம், ரௌட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில் கொஞ்சம் உயரமாக வையுங்கள்.