டிரெய்லர் பக்கத்தில் குளியல் மறைப்பு கட்டுவது எப்படி

மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் ஏதாவது சவுக்குத் தோப்பில் இரண்டு ராத்திரி தங்கப் போகிற குடும்பம் அடுப்பு, பாய், டார்ச் எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கும். குளிக்கிற இடத்தை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடும். அங்கே போனால் ஆண்கள் வெட்டவெளியில் குடத்துத் தண்ணியை ஊற்றிக்கொள்வார்கள். பெண்கள் உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு இரண்டு நாள் இருந்துவிட்டு, ராயபுரமோ தண்டையார்பேட்டையோ வந்து சேர்ந்த பிறகுதான் குளிப்பார்கள். இதற்கு அவசியமே இல்லை. ஒரு குட்டி டிரெய்லர், கொஞ்சம் பைப்பு, 12 மீட்டர் துணி, வயலுக்கு மருந்தடிக்கிற ஒரு பேட்டரி ஸ்பிரேயர் இருந்தால் அரை மணி நேரத்தில் நல்ல குளியலறை தயார். டிரெய்லருக்குப் பதில் குட்டியானை வண்டி என்றாலும் முறை இதுதான்.

அளவு 4 அடிக்கு 4 அடி வேண்டும். 3 அடி போதும் என்று பலர் கட்டுகிறார்கள். தண்ணி ஊற்றிக்கொள்ள 3 அடி சரி. ஈர உடம்போடு சுடிதார் மாட்டவோ புடவை கட்டவோ முழங்கையை அகட்டினால் துணி உடம்பில் ஒட்டும், கம்பம் ஆடும். உயரம் 7 அடி.

முதலில் வண்டியை நிறுத்துங்கள். காரிலிருந்து கழற்றிய டிரெய்லருக்கு இரண்டு சக்கரத்திலும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், முன் பக்கக் காலை இறக்குங்கள். ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர் என்றால் தண்ணி கேன்களை ஆக்ஸிலுக்கு முன்னால் வையுங்கள். 20 லிட்டர் கேன் மூன்றைப் பின் ஓரத்தில் அடுக்கினால் அங்கே 60 கிலோ உட்கார்ந்துவிடும். ஒரு ஆளும் பின்னால் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், கட்டிய சட்டமும் சேர்ந்து சாயும்.

சட்டத்துக்கு நான்கு கால். இரண்டு கால் டிரெய்லரின் பக்கச் சட்டத்தில், 4 அடி இடைவெளியில். 1 இன்ச் ஜிஐ பைப்பை நிமிர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு யூ-கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். மேல் கிளாம்புக்கும் கீழ் கிளாம்புக்கும் இடையில் ஒன்றரை அடியாவது இருக்கட்டும். அடுத்தடுத்துப் போட்டால் பைப்பு திரும்பும். வெளிப்பக்க இரண்டு கால்களும் 8 அடி, 4 அடித் துண்டு இரண்டை சாக்கெட்டில் இணைத்தது. 1 அடி மணலுக்குள் போகும். மேலே நாலு பக்கமும் 4 அடிக் குறுக்குப் பைப்பு. முக்கால் இன்ச் பிவிசி மலிவுதான், ஆனால் நனைந்த துணியின் கனத்தில் வில்லாக வளைந்து நடுவில் தொங்கும். குறுக்குக்கும் ஜிஐ போடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம். பைப்பு, கிளாம்ப் எல்லாம் மண்ணடி ஹார்ட்வேர் கடைகளில் கேட்ட நீளத்துக்கு அறுத்தே தருவார்கள். மூலைகளைக் காசிமேட்டில் வலைக்கு விற்கிற நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் போதும், வெல்டிங் வேண்டாம். கட்டு வழுக்கி இறங்காமல் இருக்க அதற்குக் கீழே பைப்பில் ஒரு துளை போட்டு போல்ட் மாட்டிவிடுங்கள்.

காற்றைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது மறைப்பின் ஒரு பக்கத் துணி, பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். 4 அடிக்கு 7 அடித் துணியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று சுமார் 6 கிலோ தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும், அதாவது 24 கிலோ. அதனால் வெளிப்பக்கக் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இழுகயிறு கட்டவேண்டும். சாதாரண முளைக்குச்சி மணலில் நிற்காது, ஒரே இழுப்பில் வந்துவிடும். அதற்குப் பதில் ஒரு காலி சாக்கில் பாதிக்கு மணல் போட்டு, வாயோடு கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடிக் குழியில் புதைத்து மிதித்துவிடுங்கள். அசையாது. காற்று பலமாகி சட்டமே முனகினால் துணியை அவிழ்த்துவிடுவதுதான் சரி, கயிற்றை மேலும் இறுக்கிப் பிரயோஜனம் இல்லை.

இனி துணி. மறைப்பு என்பதே இதுதான், இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. டிரெய்லர்தான் ஒரு பக்கச் சுவராச்சே என்று மூன்று பக்கம் மட்டும் மறைப்பது பெரிய தப்பு. டிரெய்லருக்கு அடியில் ஒன்றரை அடி சந்து இருக்கும், டிரெய்லருக்கு மேலே இரண்டடி திறந்திருக்கும். அந்தப் பக்கம் நிற்பவருக்கு இரண்டும் தெரியும். நாலு பக்கமும் மறையுங்கள். 16 அடி சுற்றளவு, வாசலுக்கு ஒன்றின்மேல் ஒன்று விழ 2 அடி, ஆக 18 அடி.

வெள்ளை, மஞ்சள், இளநீலம் எதுவும் வேண்டாம், நனைந்தால் கண்ணாடிதான். நீலத் தார்ப்பாயும் வெயிலில் நிழல் காட்டும். கருநீலமோ கரும்பழுப்போ, நெருக்கமாக நெய்த பாராஷூட் துணி வாங்குங்கள். வழக்கமாக 60 இன்ச் அகலத்தில் வரும், அதாவது 5 அடி. 18 அடித் துண்டு இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் 10 அடி உயரம் கிடைக்கும். நமக்கு வேண்டியது 7 அடி. மிஞ்சுகிற 3 அடியை வெட்டி எறியாதீர்கள். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் ஆரம்பித்து, மார்பு மறையும் வரை உள்பக்கமாக இரண்டாவது மடிப்பாகத் தைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக மறைய வேண்டிய இடம் இரட்டைத் துணியாகிவிடும். தையல் கூலி சேர்த்தும் பெரிய செலவு இல்லை. மேல் ஓரத்தில் அடிக்கு ஒரு ரிங் வேண்டும்; பேனர் அடிக்கிற கடையிலேயே அடித்துத் தருவார்கள்.

அடி ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து, உள்ளே அரை அடிக்கு ஒன்றாக வலைக்குப் போடும் ஈயக் குண்டைக் கோத்துவிடுங்கள். காற்றில் பாவாடை மாதிரி துணி தூக்காது. குண்டு வெளியே தெரியாமல் மடிப்பின் வாயைத் தைத்துவிட வேண்டும், குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. வாசல் காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வெல்க்ரோ இரண்டே நாளில் மணல் அடைத்துப் பிடிப்பு விட்டுவிடும். உள்ளிருந்து முடிகிற நாடா மூன்று போதும்.

தண்ணிக்கு வருவோம். கேனை மேலே ஏற்றித் தானாக இறங்கவிடலாம், ஆனால் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்தான். தலைமுடியில் இருக்கும் ஷாம்பு போகாது. 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் இங்கே அருமையாக உதவும். 12 வோல்ட் மோட்டார், நிமிஷத்துக்கு 3 லிட்டர் அளவில் தள்ளும், கையை எடுத்தால் நின்றுவிடும். புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒரு தடவை பூச்சிமருந்து ஊற்றிய டாங்க் எவ்வளவு கழுவினாலும் குளிக்க ஆகாது. வாங்கிய அன்றே "குளிக்க மட்டும்" என்று பெயின்டில் எழுதி வையுங்கள்.

ஸ்பிரேயரின் நீட்டுக் குழாயையும் நாசிலையும் கழற்றிவிட்டு, அதே ஹோஸில் 8 மி.மீ. பித்தளை நிப்பிள் போட்டு, மறுபக்கம் அரை இன்ச் மரையில் ஹெல்த் ஃபாசெட் தலையை மாட்டுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். ஃபாசெட் தலையில் துளைகள் அதிகம். 3 லிட்டர் தண்ணி எல்லாத் துளைகளிலும் பிரிந்து சொட்டாக வழியும். வெளிவட்டத் துளைகளை எம்-சீல் வைத்து அடைத்தால் நடுத் துளைகளில் வேகம் கூடும். ரொம்பவும் அடைத்துவிட்டால் மோட்டார் "டக் டக்" என்று நின்று நின்று ஓடும். தள்ளுகிற தண்ணி வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, சுவிட்ச் தானாக அணைவதும் மறுபடி போட்டுக்கொள்வதுமாக இருப்பதால் வரும் சத்தம் அது. இரண்டு துளையைத் திறந்துவிடுங்கள், சரியாகிவிடும். தண்ணி திடீரென்று குறைந்தால் டாங்க் அடியில் இருக்கும் சல்லடையைப் பாருங்கள், மணல் அடைத்திருக்கும். ஊற்றும்போதே வேட்டித் துணியில் வடிகட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆளுக்கு 10 லிட்டர் கணக்கு வையுங்கள்: நனைய 3, சோப்பு போடும்போது நிறுத்தம், அலச 7. நீண்ட கூந்தல் என்றால் 14. தோப்புக் கிணற்றுத் தண்ணி உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, பாசிப்பயறு மாவு நல்லது. மார்கழி விடியலில் வெந்நீர் வேண்டுமென்றால் முதலில் 10 லிட்டர் பச்சைத் தண்ணி ஊற்றி, அதன்மேல் கொதித்த தண்ணி 2 லிட்டர். 28 டிகிரி தண்ணி ஏறக்குறைய 39 டிகிரிக்கு வந்துவிடும். கலப்பதை மறைப்புக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கேஸ் அடுப்பையும், 230 வோல்ட் வயரையும் உள்ளே கொண்டுபோகவே கூடாது.

காலுக்கு ஒரு பழைய மரப் பேலட், ஆணி துருத்தாமல் தட்டியது. இல்லையென்றால் மிதித்த இடம் சேறாகிக் கழுவிய காலே மறுபடி அழுக்காகும். அழுக்குத் தண்ணி இறங்க, பேலட்டுக்கு இரண்டடி தள்ளி ஒன்றரை அடிக் குழி, அதுவரை ஒரு சின்ன வாய்க்கால். மணலில் உடனே இறங்கும். பொன்னேரி வயல்பக்கக் களிமண்ணில் தேங்கும், அங்கே குழியை இரண்டு மடங்கு அகலமாக்குங்கள். குழி, பழவேற்காடு ஏரியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 200 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். அந்த ஏரியில் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், சோப்புத் தண்ணி அங்கே போகக் கூடாது.

பகலில் கச்சிதமாக இருந்த மறைப்பு இரவில் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் உள்ளே வைக்கிற விளக்கு. விளக்குக்கும் துணிக்கும் நடுவே ஆள் நின்றால் நிழற்படம் போல உருவம் முழுதும் வெளியே விழும். விளக்கை உள்ளே வைக்காதீர்கள். டிரெய்லர் பக்கக் காலில், சட்டத்துக்கும் மேலே, வெளியே சற்றுத் தள்ளிச் சின்ன விளக்காகக் கட்டினால் மேல் திறப்பு வழியாக வெளிச்சம் போதுமான அளவு இறங்கும். வெளியே வெளிச்சம் கூடுதலாகவும் உள்ளே குறைவாகவும் இருப்பதுதான் கணக்கு.

முதல் ஆள் குளிக்கும் முன் கட்டாயம் சோதியுங்கள். ஒருவர் உடுத்திய உடையோடு உள்ளே நின்று கையைத் தூக்க, குனிய, உட்கார வேண்டும். இன்னொருவர் பத்தடி தள்ளியும் ஐம்பதடி தள்ளியும் முழு வட்டம் சுற்றிவர வேண்டும். அருகில் ஏரிக்கரையோ உயரமான ரோடோ இருந்தால் அதன்மேலும் ஏறிப் பாருங்கள், திறந்த மேல்பக்கம் அங்கிருந்துதான் தெரியும். தெரிந்தால் அந்தப் பக்கத்து மேல்மூலையில் ஒரு துப்பட்டாவைச் சாய்த்துக் கட்டுங்கள். குளிக்கப் போகிற பெண்ணே சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் இன்னும் நல்லது, பிறகு அவர் நிம்மதியாகக் குளிப்பார்.

கிளம்பும்போது துணியை ஈரத்தோடு மடிக்காதீர்கள், இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நாறும். குழியை மூடுங்கள். ஸ்பிரேயரைத் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, பேட்டரி முனைகளில் வாசலின் தடவி, வீட்டுக்கு வந்ததும் முழு சார்ஜ் போட்டு வையுங்கள். வெறும் பேட்டரியாக அடுத்த பயணம் வரை கிடந்தால் அது மறுபடி சார்ஜே ஏறாது.