தட்டில் ஏறும் மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலேயே செய்து பார்க்கும் நிலைமின்னியல்

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த, இளநிலை இயற்பியல் முதலாண்டு படிக்கும் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் பாடம் கேட்க வருகிறார்கள். கல்லூரியில் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் ஒருமுறை பேசிப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிறைவாக இருக்கிறது. நிலைமின்னியல் தொடங்கியதும் அனைவரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள். இரு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசையைச் சொல்லும் கூலும் விதியை மனப்பாடமாகச் சொன்னவர்களால், தூண்டல் முறையில், அதாவது மின்னூட்டமுள்ள வேறொரு பொருளை அருகில் வைத்து, மின்னூட்டம் பெற்ற ஒரு தட்டில் இருப்பது நேர் மின்னூட்டமா எதிர் மின்னூட்டமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் படித்த காலத்தில் தேர்வில் தவறாக எழுதிய கேள்வியும் இதுதான். ஒரு தட்டையும் ஒரு பலகையையும் வைத்துக்கொண்டு கையால் செய்து பார்த்த பிறகே எனக்கு அது விளங்கியது. அந்தச் சோதனையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

தேவையானவை

தொலைக்காட்சிப் பெட்டி அல்லது குளிர்பதனப் பெட்டியோடு வரும் தட்டையான தெர்மாகோல் பலகை, விளிம்பு உருட்டிய எவர்சில்வர் தட்டு, ஒரு சாண் நீள பிவிசி குழாய், எம்-சீல், கம்பளித் துணி, சமையலறை அலுமினியத் தாள், நைலான் தூண்டில் நரம்பு, மின்பணியாளர் வைத்திருக்கும் நியான் விளக்கு டெஸ்டர் ஆகியவை போதும். குழாயும் டெஸ்டரும் மும்பையின் மின்பொருள் சந்தையான லோகார் சாலில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மும்பையில் கம்பளிதான் அரிது. நான் ஊட்டியில் வாங்கிய பழைய சால்வை ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

தட்டைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். கூர்மையான விளிம்பில் மின்புலம் செறிந்து, மின்னூட்டம் காற்றில் கசிந்துவிடும். எனவே வெட்டிய தகரத்தைவிட, நாம் சோறு உண்ணும் உருண்டை விளிம்புத் தட்டே மேலானது. கைப்பிடிக்குத் தெர்மாகோல் தம்ளரைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2018 முதல் அவற்றுக்குத் தடை இருப்பதால், பிவிசி குழாயைத் தட்டின் நடுவில் எம்-சீல் வைத்து நிறுத்தினேன். அதுவே உறுதியாகவும் இருக்கிறது.

படி 1: பலகைக்கு மின்னூட்டம் ஏற்றுதல்

தெர்மாகோல் பலகையைக் கம்பளியால் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். கம்பளியிலிருந்து எலக்ட்ரான்கள் (எதிர் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள்) பலகைக்குப் போவதால் பலகை எதிர் மின்னூட்டமும், கம்பளி அதே அளவு நேர் மின்னூட்டமும் பெறுகின்றன. தேய்ப்பதால் மின்னூட்டம் உருவாவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே.

இந்தப் படி ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பெரும்பாலும் தோற்றுப்போகும். மழைக்காலத்துக் காற்றின் ஈரம் பலகையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிந்து, மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. முதல்முறை ஜூலை மாதத்தில் முயன்றபோது, ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அசைக்க முடியாமல் இரண்டு வாரங்கள் வீணாயின. அதே பொருட்கள் ஜனவரி மாதப் பிற்பகலில் முதல் முயற்சியிலேயே வேலை செய்தன. மழைக்காலத்தில்தான் செய்தாக வேண்டுமென்றால், குளிரூட்டி ஒரு மணி நேரமாவது ஓடிய அறையில் பொருட்களை வைத்திருந்து அங்கேயே செய்யுங்கள்.

படி 2: தட்டை வைத்தல், தொடுதல், விடுதல், தூக்குதல்

குழாயைப் பிடித்துத் தட்டைப் பலகைமேல் வையுங்கள். மறு கையின் விரலால் தட்டை ஒரு கணம் தொடுங்கள்; சிறு சுருக்கென்ற உணர்வு வரும். விரலை எடுத்துவிடுங்கள். அதன் பிறகே குழாயைப் பிடித்துத் தட்டைத் தூக்குங்கள். இப்போது விரல் முட்டியைத் தட்டருகே கொண்டுபோனால் பொறி பறக்கும். எரிவாயு அடுப்புக்கு அருகில் இதைச் செய்ய வேண்டாம்.

இந்த நான்கு செயல்களின் வரிசையில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. நான் பல நாட்கள் விரலை எடுக்காமலே தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தட்டில் எதுவும் மிஞ்சவில்லை. வரிசை ஏன் முக்கியம் என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

தட்டு பலகைமேல் இருக்கும்போது, பலகையின் எதிர் மின்னூட்டம் தட்டிலுள்ள எலக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. அதனால் தட்டின் அடிப்பரப்பு நேர் மின்னூட்டமும் மேற்பரப்பு எதிர் மின்னூட்டமும் கொண்டிருக்கும், மொத்தம் சுழியே. விரல் படாமல் தூக்கினால் இரண்டும் மீண்டும் கலந்து, தட்டு பழையபடி நடுநிலையாகிவிடும். விரலால் தொடும்போது, மேலே தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் உங்கள் உடல் வழியாக வெளியேறுகின்றன. விரலை எடுத்ததும் அவை திரும்பும் வழி அடைபடுகிறது. பிறகு தூக்கினால் தட்டில் நேர் மின்னூட்டம் தங்கிவிடும். விரல் பட்டபடியே தூக்கினால், பலகையின் தள்ளுவிசை குறையக் குறைய எலக்ட்ரான்கள் அதே விரல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

“தட்டு பலகையைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது, பலகையின் எதிர் மின்னூட்டம் ஏன் தட்டுக்கு வருவதில்லை?” என்று அனைவரும் கேட்கிறார்கள். சரியான கேள்வி. தெர்மாகோல் ஒரு காப்பான். அதன் மேலுள்ள மின்னூட்டம் இருந்த இடத்தை விட்டு நகராது. தட்டும் பலகையும் உண்மையில் ஒட்டிக்கொள்வது மேடாக உள்ள சில புள்ளிகளில் மட்டுமே. அந்தப் புள்ளிகளில் மாறும் சிறு அளவைத் தவிர மற்றதெல்லாம் பலகையிலேயே இருக்கிறது. தட்டின் மின்னூட்டம் வந்தது உங்கள் விரல் வழியாக, அதுவும் பலகையின் குறிக்கு எதிரான குறியோடு.

படி 3: டெஸ்டரால் சரிபார்த்தல்

விளக்கத்தை நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், டெஸ்டரே சிறந்தது. நியான் விளக்கில் ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் பாயும்போது, எதிர் மின்முனையைச் சுற்றித்தான் ஒளி தோன்றும்.

அறையை இருட்டாக்குங்கள். தட்டு பலகைமேல் இருக்கும்போது, விரலுக்குப் பதிலாக டெஸ்டரின் முனையால் தொடுங்கள். உங்கள் விரல் டெஸ்டரின் தலைப்பகுதியில் இருக்கட்டும். விளக்குக்குள் தட்டின் பக்கம் உள்ள மின்முனை ஒரு கணம் ஒளிரும். தட்டைத் தூக்கிய பிறகு மீண்டும் தொடுங்கள். இம்முறை உங்கள் கையின் பக்கம் உள்ள மின்முனை ஒளிரும். முதலில் எலக்ட்ரான்கள் தட்டிலிருந்து கைக்குப் போயின, பிறகு கையிலிருந்து தட்டுக்கு வந்தன. தட்டின் குறியைப் பற்றிய ஐயம் இங்கேயே தீர்ந்துவிடும். இதை முதன்முறை பார்த்த இரவில் இருபது தடவைக்கு மேல் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பலகையை மறுபடி தேய்க்கத் தேவைப்படவில்லை.

சுவீடன் நாட்டு இயற்பியலாளர் யோகான் வில்கே 1762இல் இத்தகைய அமைப்பை உருவாக்கினார். இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா 1775இல் அதை மேம்படுத்தி, எலெக்ட்ரோஃபோரஸ் என்று பெயரிட்டுப் பரப்பினார்.

படி 4: கூலும் விதியால் அளத்தல்

அலுமினியத் தாளில் 5 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரங்களை வெட்டி, உருண்டைகளாகச் சுருட்டுங்கள். ஒவ்வொன்றையும் 40 செ.மீ. நைலான் நரம்பில் கட்டி, இரண்டையும் ஒரே புள்ளியிலிருந்து தொங்கவிடுங்கள். மின்னூட்டம் பெற்ற தட்டால் இரண்டையும் ஒருசேரத் தொட்டு, தட்டை அப்பால் எடுத்துவிடுங்கள். உருண்டைகள் விலகி நிற்கும். எனக்கு மையங்களுக்கு இடையே 6 செ.மீ. கிடைத்தது.

என் தாளின் தடிமன் 11 மைக்ரான். அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம் என்பதால், ஓர் உருண்டையின் நிறை சுமார் 74 மில்லிகிராம், எடை 7.3×10⁻⁴ நியூட்டன். நரம்பு செங்குத்தோடு ஆக்கும் கோணத்தின் டேன்ஜென்ட், பாதித் தொலைவான 3-ஐத் தொங்கும் புள்ளியிலிருந்து உருண்டைகள் வரையான செங்குத்து உயரமான 39.9-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.075. எடையை அதனால் பெருக்கினால் விலக்கு விசை சுமார் 5.5×10⁻⁵ நியூட்டன்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த வரியில். கோணத்துக்குப் பாதித் தொலைவான 3 செ.மீ.யைப் பயன்படுத்தினோம், கூலும் விதியில் முழுத் தொலைவான 6 செ.மீ.யைப் போட வேண்டும். விசையைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கி, விதியின் மாறிலியான 9×10⁹-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஓர் உருண்டையின் மின்னூட்டம் சுமார் 4.7×10⁻⁹ கூலும் (மின்னூட்டத்தின் அலகு). அங்கேயும் 3 செ.மீ. போட்டால் விடை பாதியாகிவிடும்.

எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 2019 முதல் 1.602176634×10⁻¹⁹ கூலும் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. அதனால் வகுத்தால், ஓர் உருண்டையை விட்டு நீங்கிய எலக்ட்ரான்கள் சுமார் 2,900 கோடி. பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அந்த உருண்டையில் உள்ள மொத்த எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 2.2×10²². 75,000 கோடியில் ஒன்று குறைந்ததற்கே உருண்டைகள் இவ்வளவு விலகி நிற்கின்றன. மின்விசையின் வலிமை எனக்கு மனத்தில் பதிந்தது இந்த எண்ணால்தான்.

பின்னர் சேர்த்தவை

செய்து பார்த்த ஒருவர், உருண்டைகள் முதலில் தட்டை நோக்கி வந்து ஒட்டிப் பிறகு சிதறியதாக எழுதியிருந்தார். அது பிழையன்று. நடுநிலையான உருண்டையில் தூண்டப்பட்ட எதிர்க்குறி மின்னூட்டம் தட்டுக்கு அருகிலும் ஒத்தகுறி தொலைவிலும் இருப்பதால், ஈர்ப்பே மேலோங்கும். தொட்டு மின்னூட்டம் பகிர்ந்த பிறகே விலக்கு தொடங்கும். இன்னொருவர் பூ கட்டும் பருத்தி நூலில் உருண்டைகளைக் கட்டியிருந்தார். அவை சில நொடிகளில் ஒன்றாகிவிட்டன. பருத்தி ஈரத்தை உறிஞ்சிக் கடத்தியாகிவிடுவதே காரணம்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாணவி கேட்டது என்னை ஒரு மாலை முழுவதும் யோசிக்க வைத்தது: பலகையின் மின்னூட்டம் குறையாமலே இருக்கும்போது, ஒவ்வொரு பொறிக்கும் வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? விரலை எடுத்தபின் பலகையும் தட்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அந்த ஈர்ப்பை எதிர்த்துத் தட்டைத் தூக்கும்போது உங்கள் கை செய்யும் வேலைதான் பொறியாக வெளிப்படுகிறது. தேய்த்த பலகை கனமில்லாததாக இருந்தால், தட்டைத் தூக்கும்போது அதுவும் சற்று ஒட்டிக்கொண்டே மேலே எழுவதைக் காணலாம்.