இரும்புப் படலத்தின் காந்தம் எக்ஸ்-கதிரில் மங்கியபோது: என் அனுபவம்

சிலிக்கான் மேல் படியவைத்த இரும்பு மெல்படலத்தின் காந்தத்தை அளக்க வேண்டியிருந்தது. மின்புலம் இடமாகச் சுழலும் இடச்சுழி, வலமாகச் சுழலும் வலச்சுழி எக்ஸ்-கதிர்களை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தனித்தனியே பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் வித்தியாசம்தான் காந்தத்தைக் காட்டும். இதற்கு சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வேகமாகச் சுற்றவிட்டு வலுவான எக்ஸ்-கதிர் எடுக்கும் பெரிய இயந்திரம்) வேண்டும் என்பதால், திருநெல்வேலியில் செய்த படலத்தை ரயிலில் அது இருக்கும் இந்தூருக்குக் கொண்டுபோனோம்.

சிக்னல் ரொம்பச் சோகையாக வந்தது. எக்ஸ்-கதிரின் ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனால் 707 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒற்றை முகடாக நிற்க வேண்டிய எல்3 (இரும்பு வலுவாக உறிஞ்சும் இடம்), தோளில் இன்னொரு முகட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. பார்த்ததுமே விளங்கிவிட்டது: துரு. ஊரில் காந்தமானியில் அளந்தபோது நன்றாகத்தானே இருந்தது? காந்தமானி படலம் முழுவதையும் சேர்த்து அளக்கும். இங்கே எண்ணுவது, எக்ஸ்-கதிரை உறிஞ்சியதும் படலத்திலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களை. அவை மேலே உள்ள சில நானோமீட்டரிலிருந்துதான் வரும். துரு பிடிப்பதும் அங்கேதான். ஐப்பசி மழைக் காற்றில் இரும்பைத் திறந்து வைத்தால் வேறென்ன நடக்கும்!

அடுத்த படலத்தில், வெற்றிடத்தை உடைக்காமலேயே இரும்பின் மேல் 2-3 நானோமீட்டர் அலுமினியம் போட்டோம். அது தானே ஆக்சைடாகி, காற்றைத் தடுக்கும். எலக்ட்ரானுக்கு வழி விடும். பிளாட்டினம் போடச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் இரும்பைத் தொட்டால் பிளாட்டினத்துக்கும் கொஞ்சம் காந்தம் ஏறிவிடும், அந்தக் குழப்பம் எனக்கு வேண்டாம். அப்புறம், சாம்பிள் ஓரத்தை சில்வர் பெயின்ட் தொட்டு ஹோல்டரோடு இணைத்ததில், எலக்ட்ரான்களை எண்ண நாங்கள் அளக்கும் மின்னோட்டமும் அலையாமல் சீராக இருந்தது.

இந்த முறை 707-இல் ஒரு பக்கமும், இரும்பின் அடுத்த முகடான 720-இல் எதிர்ப்பக்கமுமாக வித்தியாசம் பளிச்சென்று விழுந்தது.