வாட் கணக்கில் 115ஆல் வகுக்க மறக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அக்கவுண்டிங் படிக்கும் பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் விடும் இடம், 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கு. சாட்ஸ்வொர்த் மசாலாக் கடை ஒன்று வாட் உட்பட 2,300 ராண்டுக்கு ரொக்கமாக விற்றது என்று கணக்கு வந்தால், கை தானாக 2,300இல் 15% போட்டு 345 என்று எழுதிவிடும். தவறு. 2,300 என்பது வரி சேர்ந்த 115 பங்கு; வரியில்லா விலை 100 பங்கு. வரி அதில் 15 பங்கு. 2,300 × 15 ÷ 115 = 300. கால்குலேட்டர் இல்லையென்றால் 23ஆல் வகுத்து 3ஆல் பெருக்குங்கள், அதேதான்.

பதிவு: வங்கி பற்று (டெபிட்) 2,300; விற்பனை வரவு (கிரெடிட்) 2,000; வாட் வரவு 300. இதில் ஒரு வம்பு. வாட் 345, விற்பனை 1,955 என்று எழுதினாலும் இருப்பாய்வில் (டிரையல் பேலன்ஸ்) பற்றும் வரவும் சமமாகிவிடும், பிழை தெரியாது. அதனால் திருப்பிச் சரிபாருங்கள்: 2,000இல் 15% சேர்த்தால் 2,300 வர வேண்டும். 1,955இல் சேர்த்தால் 2,248.25தான் வரும்.

அடுத்து விற்ற சரக்கின் அடக்கவிலை. அடக்கத்தின் மேல் 25% லாபம் என்றால் 2,000 × 100 ÷ 125 = 1,600. வாட்டோடு சேர்ந்த 2,300இல் தொடங்கினால் 1,840 வந்து, மொத்த லாபம் 240 ராண்ட் குறைந்துவிடும். லாபம் அடக்கத்தில் 25%, விற்பனையில் 20%. கேள்வி எதைக் கேட்கிறது என்று அடிக்கோடிடுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் 15% கிடையாது. அரிசி, பருப்பு, பிரவுன் ரொட்டிக்கு வரி 0%. வெள்ளை ரொட்டிக்கு உண்டு! 2018 ஏப்ரலுக்கு முந்தைய வினாத்தாள் என்றால் அப்போதைய வரி 14%, அதனால் 14 ÷ 114.