ஹார்மோன் தொடங்கும் முன் மூன்று மாதம்: எடையையும் இடையையும் தயார் செய்வது எப்படி

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுக்கத் தொடங்கினால் தொப்பை தானாகக் கரையும், அந்தக் கொழுப்பெல்லாம் பின்புறத்துக்கு இறங்கிவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் திருநங்கைகள் ஏராளம். அப்படி நடப்பதில்லை. கொழுப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகராது. ஹார்மோன் மாறிய பிறகு புதிதாகச் சேரும் கொழுப்புதான் வேறு இடம் பார்த்துச் சேர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இருக்கும்வரை வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது, ஈஸ்ட்ரோஜன் வந்தபின் தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் சேரத் தொடங்கும். ஓராண்டு ஹார்மோன் எடுத்த திருநங்கைகளை முன்னும் பின்னும் அளந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், கால்களில் கொழுப்பு சுமார் 42 சதவீதம் கூடியிருந்தது. வயிற்றுப் பகுதியிலும் 18 சதவீதம் கூடத்தான் செய்திருந்தது, குறையவில்லை.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையைக் குறைப்பது உங்கள் பொறுப்பு. தொடையையும் பிட்டத்தையும் நிரப்புவதில் பெரும்பங்கு ஹார்மோனுடையது. அது 3 முதல் 6 மாதத்தில் தொடங்கி, முழுதாகத் தெரிய 2, 3 ஆண்டுகளும் அதற்கு மேலும் எடுக்கும். தோள் எலும்பின் அகலமும் விலாக்கூடும் பருவ வயது முடிந்தபின் ஹார்மோனாலோ எடை குறைப்பதாலோ மாறாது. பட்டினி கிடந்து தோளைச் சுருக்கப் பார்ப்பது உடம்புக்குச் செய்யும் கொடுமை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடை குறைந்தால்தான் ஹார்மோன் என்று எந்த விதியும் இல்லை. டாக்டர் தேதி கொடுத்துவிட்டால் தொப்பையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். கீழே சொல்வதையெல்லாம் ஹார்மோன் எடுத்துக்கொண்டே தொடரலாம்.

படி 1: சரியாக அளப்பது

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. இடை, இடுப்பு, பின்புறம் மூன்றையுமே நாம் ‘இடுப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். இங்கே இடை என்றால் வயிற்றுச் சுற்றளவு. சீட் என்றால் டெய்லர்கள் சொல்லும் அதே சீட், பிட்டத்தின் மிக அகலமான சுற்று.

டெய்லர் டேப் ஒன்று வாங்குங்கள். காலையில் கழிவறை போய்வந்தபின், சாப்பிடும் முன் அளக்க வேண்டும். விலாப்புறத்தில் விரலை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தேடுங்கள். அப்படியே கீழே வந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, டேப்பை அதன்மேல் சுற்றுங்கள். டேப் முதுகுப்பக்கம் கீழே இறங்காமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது எண்ணைப் படியுங்கள். பேண்ட் போடும் இடத்தில் அளந்தால் டேப் தொப்பைக்குக் கீழே போய்விடும். 36 பேண்ட் போடுகிறவருக்கு உண்மையான இடை 39 கூட இருக்கலாம்.

சீட் அளக்கக் கால்களைச் சேர்த்து நின்று, பின்புறம் மிக எடுப்பாக இருக்கும் இடத்தில் சுற்றுங்கள். தொடை, மார்பு, தோள் அளவுகளையும் எழுதிவையுங்கள். இடையை சீட்டால் வகுத்தால் வருவதுதான் விகிதம். இடை 89 செ.மீ., சீட் 96 செ.மீ. என்றால் 0.93. பெண்களுக்கு 0.85-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்த எண்ணை மூன்று மாதத்தில் பிடிக்க வேண்டியதில்லை. இடையில் 4, 5 செ.மீ. குறைந்தாலே சுடிதாரின் விழுகை மாறும்.

எடை வாரம் ஒரு தடவை, டேப் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. தினமும் நாலு தடவை எடை பார்க்கத் தோன்றினால், சாப்பிட்டதற்காகக் குற்ற உணர்வு வந்தால், வாந்தி எடுக்கத் தோன்றினால் இந்தத் திட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்போடு பல வருஷம் போராடியவர்களுக்கு உணவுக் கோளாறு எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

படி 2: குறைக்கவா, கூட்டவா?

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு தடவை வகுத்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) கிடைக்கும். இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை இயல்பு, 23-லிருந்து கூடுதல் எடை, 25-லிருந்து உடற்பருமன். வெள்ளையர்களுக்கான 25, 30 கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம், நம் உடம்பு குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவிடும்.

23-க்கு மேல் இருந்தாலோ, இடை 90 செ.மீ.யைத் தாண்டினாலோ, இப்போதைய எடையில் 5 சதவீதம் குறைப்பதே முதல் இலக்கு. 168 செ.மீ. உயரம், 74 கிலோ என்றால் பி.எம்.ஐ. 26. பன்னிரண்டு வாரத்தில் 70 கிலோவுக்கு வந்தால் போதும். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. வேகமாகக் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் வரலாம். மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்பும். டெஸ்டோஸ்டிரோன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அது திரும்பி வரும் இடமும் வயிறுதான்.

இயல்பான எடையில் இருப்பவர்கள் எடையை மாற்ற வேண்டாம். ‘இப்போதே கொழுக்க வைத்துக்கொண்டால் ஹார்மோன் வந்ததும் பின்புறத்துக்குப் போகும்’ என்று கேள்விப்பட்டுச் சிலர் வேண்டுமென்றே எடை ஏற்றுகிறார்கள். முதல் பத்தியில் சொன்னதுதான் இதற்கும் பதில். ஹார்மோனுக்கு முன் ஏற்றியதெல்லாம் தொப்பையாகும்.

18.5-க்குக் கீழே இருப்பவர்கள்தான் கூட்ட வேண்டும். அதே 168 செ.மீ. உயரத்தில் 50 கிலோ இருப்பவர் 53-க்காவது வர வேண்டும். ஒல்லியாக இருந்தால்தான் பெண்போல் தெரியும் என்று பாதி வயிறு சாப்பிடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். சேர்வதற்கு உணவே இல்லாத உடம்பில் ஈஸ்ட்ரோஜன் எதைக் கொண்டுபோய்த் தொடையில் சேர்க்கும்? வழக்கமான சாப்பாட்டோடு இரண்டு கடலை உருண்டை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் தினமும் சேருங்கள். வாரம் கால் கிலோ ஏறினால் சரியான வேகம்.

படி 3: சாப்பாடு

குறைக்க வேண்டியவர்கள் நாளொன்றுக்கு 300 முதல் 400 கலோரி குறைத்தால் போதும். தனிச் சமையல் தேவையில்லை. கூட நாலு பேரோடு ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அது சரிப்பட்டும் வராது. அதே சமையலில் மூன்று இடத்தில் கை வையுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், சுமார் 120 கலோரி. அதை மொத்தம் இரண்டு ஸ்பூனாக்குங்கள். சாயங்காலம் இரண்டு வடை சாப்பிடும் இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தைப் பொரியலால் நிரப்புங்கள், 100 கிராம் சோறு 130 கலோரி. இந்த மூன்றிலேயே 300-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்தால் தாளிப்புக்கும் குழம்புக்கும் போதும், பொரித்தது தானாகவே குறையும்.

நம் சாப்பாட்டில் எப்போதும் குறைவாக இருப்பது புரதம். எடை குறையும்போது தசை போகாமல் இருக்க, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 70 கிலோவுக்கு 70 முதல் 84 கிராம். ‘தசை போனால் நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. பட்டினியில் தோள்தசை மட்டும் போகாது, பிட்டத் தசையும் சேர்ந்துதான் போகும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததும் தோளும் கையும் எப்படியும் மெலியும், அதற்கு இப்போதே அவசரம் வேண்டாம்.

முட்டை ஒன்றில் 6 கிராம். வெந்த கோழி அல்லது மீன் 100 கிராமில் 22-லிருந்து 30 வரை. உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15. ஒரு கிண்ணம் சுண்டலில் 12. தயிர் 200 கிராமில் 7. இட்லி ஒன்றில் 2 கிராம்தான், நாலு இட்லியோடு தேங்காய்ச் சட்னி மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்தால் பத்து மணிக்கே பசிக்கும். கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்ந்தால் மதியம்வரை தாங்கும்.

படி 4: பயிற்சி

வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பைத் தனியாகக் கரைக்க முடியாது. அதைக் கரைப்பது சாப்பாடும் நடையும்தான். வாரத்தில் ஐந்து நாள், 30 முதல் 45 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள்.

வாரம் மூன்று நாள் பிட்டத்துக்கும் தொடைக்கும் தசைப் பயிற்சி. ஹார்மோன் கொழுப்பைக் கொண்டுவந்து வைக்கும் முன் அடியில் வடிவம் அமைத்துக்கொள்வது இதுதான். பாலமும் ஸ்குவாட்டும் (நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழுவது) அடித்தளம், ஒவ்வொன்றும் 3 சுற்று, சுற்றுக்கு 12 முதல் 15.

பாலம்: மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, குதிகாலைத் தரையில் அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். மேலே போனதும் பிட்டத்தை இறுக்கி இரண்டு நொடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். பாதம் வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பாதம் தள்ளியிருந்தால் தொடையின் பின்புறம் பிடித்து இழுக்கும், மிக அருகில் இருந்தால் முன்தொடை எரியும். இடுப்பு மேலே இருக்கும்போது முட்டிக்குக் கீழுள்ள கால் தரைக்குச் செங்குத்தாக நின்றால் வேலை சரியாகப் பிட்டத்துக்குப் போகும். கீழ்முதுகு வலித்தால் நீங்கள் இடுப்புக்குப் பதில் முதுகை வளைக்கிறீர்கள், விலாவைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு வாரத்தில் இது எளிதாகிவிடும். அப்போது தோள்பட்டையைக் கட்டில் விளிம்பில் சாய்த்து, மடியில் துண்டு விரித்து அதன்மேல் 10 கிலோ அரிசிப் பையை வைத்து இதையே செய்யுங்கள். கட்டில் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், நகர்ந்தால் கழுத்தில் அடிபடும். எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையை மட்டும் ஐம்பது, நூறு என்று ஏற்றினால் தசை பெரிதாக வளராது.

இவற்றோடு படி ஏறி இறங்குவதையும், 30 நொடி பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) மூன்று தடவையும் சேர்க்கலாம். கையில் எடை பிடித்துப் பக்கவாட்டில் சாய்வதை விட்டுவிடுங்கள், அங்கே தசை கூடினால் இடை அகலமாகத் தெரியும். ஜிம்மில் தோளுக்குக் கனமான எடை தூக்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தலாம். மேலுடம்பை முழுவதும் கைவிட்டால் கூன் விழலாம். சுவரில் கைவைத்துத் தள்ளும் பயிற்சி இரண்டு சுற்று செய்தால் போதும், எலும்புக்கும் நல்லது.

படி 5: ரத்தமும் புகையும்

எடையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஈஸ்ட்ரோஜனால், முக்கியமாக மாத்திரையாக எடுத்தால், ரத்தம் உறையும் அபாயம் கூடும். உடற்பருமனும் புகையும் அதோடு சேர்ந்தால் இன்னும் கூடும். சிகரெட், பீடி இரண்டையும் இந்த மூன்று மாதத்தில் விட்டுவிடுங்கள். விட்டபின் சில கிலோ ஏறலாம், ஏறட்டும். ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், எடைக்கு முன்னால் புகையை விடுங்கள்.

டாக்டரிடம் கேட்டு எடுக்க வேண்டியவை: வெறும்வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம்), பொட்டாசியம், புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை). ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அந்த மருந்து எடுக்கும்போது உடம்பு குறைக்கிறேன் என்று தினம் இரண்டு இளநீர் குடிப்பதையும், சோடியம் குறைந்த உப்புக்கு மாறுவதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

ஜமாத்தில், அதாவது திருநங்கைக் குழுவில், மூத்தவர்கள் அன்போடுதான் சொல்வார்கள், கருத்தடை மாத்திரையைப் போடு, சீக்கிரம் உடம்பு மாறும் என்று. அதிலிருக்கும் எத்தினைல் எஸ்ட்ரடயால், சிகிச்சையில் தரும் எஸ்ட்ரடயாலைவிட ரத்தத்தை அதிகம் உறைய வைப்பது. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்க்கவே சொல்கின்றன. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநங்கைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவைக் கேட்கலாம்.

படி 6: உடம்பு மாறும்வரை உடை

மூன்று மாதமும், அதற்குப் பின் ஹார்மோன் வேலை செய்யும் வரையும் காத்திருக்கும் காலத்தில் பஞ்சும் தையலும் கைகொடுக்கும். ஒன்றரை செ.மீ. கனமுள்ள ஃபோமில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய முட்டை வடிவம் இரண்டு வெட்டுங்கள். விளிம்பைக் கத்தரியால் சரிவாகச் சீவி, ஓரத்தில் காகிதம்போல் மெலிதாக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புடவைக்கு மேலே வரம்பு தெரியும். வைக்கும் இடம் இடுப்பெலும்பின்மேல் இல்லை, அதற்குக் கீழே, தொடை தொடங்கும் பக்கவாட்டு எலும்பின்மேல். மேலே வைத்தால் இடை இன்னும் தடிக்கும். இறுக்கமான ஷார்ட்ஸுக்குள் வைத்து, அதன்மேல் பாவாடை கட்டினால் நகராது.

இடையை இறுக்கும் பெல்ட்டை விசேஷ நாளில் மூன்று, நான்கு மணி நேரம் போடலாம். அது கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு எரிந்தாலோ உடனே கழற்றுங்கள். போட்டுக்கொண்டு தூங்கவோ பயிற்சி செய்யவோ கூடாது.

முதல் ஹார்மோன் நாளன்று அளவு நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அன்றைய இடை, சீட், எடையைப் புதுப் பக்கத்தில் எழுதி, அடுத்த அளவுக்கு மூன்று மாதம் தள்ளித் தேதி குறியுங்கள்.