லோகோ கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது

டிசைனர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஜேபெக் படத்தோடு லோகோ வேலை முடிந்துவிடுவதில்லை. 1000 பிக்சல் அகலப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் சுமார் 3.3 அங்குலம்தான் தெளிவாக வரும். விசிட்டிங் கார்டுக்குச் சரி, பெயர்ப்பலகைக்கு உதவாது. அதனால் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பே எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்: எஸ்விஜி அல்லது பிடிஎஃப்.

வந்தது நிஜ வெக்டர்தானா? பிடிஎஃப்பைத் திறந்து 800 சதவீதம் பெரிதாக்குங்கள். விளிம்பு கட்டம் கட்டமாக உடைந்தால், சாதாரணப் படத்தை உள்ளே ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது எழுத்து. ஃபான்ட்டை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால், அந்த ஃபான்ட் இல்லாத அச்சகக் கணினி வேறொன்றைப் போட்டுவிடக்கூடும். தமிழ்ப் பெயரென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். திருத்துவதற்கு வசதியாக, மாற்றாத மூலக் கோப்பும் ஒன்று இருக்கட்டும்.

பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒற்றை நிற வடிவம் (ரப்பர் ஸ்டாம்புக்கு இதுதான் வேண்டும்), நிறங்களின் ஹெக்ஸ் (திரைக்கு), சிஎம்ஒய்கே (அச்சுக்கு) எண்கள் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும். சிஎம்ஒய்கே எண் இல்லையென்றால் ஒவ்வொரு அச்சகத்திலும் ஒவ்வொரு நிறம்.

பிரவுசர் டேபில் வரும் குட்டிப் படமான ஃபேவிகான் பெரும்பாலும் 16 பிக்சல் அளவில்தான் தெரியும். முழுப் பெயரை அதில் திணித்தால் கறைபோலத் தெரியும். முதல் எழுத்தோ சின்னமோ மட்டும் போதும்.