வக்கீல் அலுவலகத்தில் காதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நான் ஜூனியராகத் தொழில் பழகிய அலுவலகம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இயங்கியது. கட்சிக்காரர்கள் முகப்புத் திண்ணையில் காத்திருக்க, சீனியர் உட்பட நாங்கள் எல்லோரும் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் சாய்வு மேசைகளுக்கு முன் தரையில்தான் உட்கார வேண்டும். கைப்பேசிக்கு முகப்போடு சரி. மதிய உணவு வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் ஒரே பந்தியாக நடக்கும். மாலை ஆறு மணிக்கு மறுநாள் வாய்தாக்களைச் சீனியர் உரக்க வாசிப்பார். பிறருக்கு விசித்திரமாகத் தோன்றிய அந்த ஒழுங்குக்குள் நான் இருந்த காலத்தில் மூன்று காதல்கள் உண்டாயின. ஒன்று திருமணத்தில் முடிந்தது. மற்ற இரண்டும் காதலித்தவர்களோடு கட்சிக்காரர்களையும் பாதித்தன.

முதல் தவறு, மறைத்துவிடலாம் என்று நம்புவது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு யார் யாரோடு பேருந்தில் போனார்கள் என்பது குமாஸ்தாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். ஊர்ப்பேச்சு சில நாட்களில் அடங்கிவிடும். சீனியருக்கு மட்டும் தெரியாமல் போவதால் விளைவதுதான் பெரிது. இந்தப் பகுதியின் பாகப்பிரிவினை வழக்குகளில் ஒரே வீட்டுக்குப் பல பங்குதாரர்கள் இருப்பார்கள். எதிர்த்தரப்பில் யாராவது ஒருவர் அலுவலகத்தில் உள்ளவருக்கு உறவாகவே இருப்பார். எங்களிடம் வந்த அத்தகைய வழக்கொன்றின் எதிர்த்தரப்பினர், உடன் பணியாற்றிய ஒரு பெண்ணுக்கு மாமா முறை. அந்த உறவு தெரிந்ததால் சீனியர் அவரை அந்த வழக்குக் கட்டின் பக்கமே விடவில்லை. ஆனால் பிராது (வழக்கு மனு) வரைந்த ஜூனியரை அந்தப் பெண் விரும்பியது சீனியருக்குத் தெரியாததால் அந்த ஏற்பாடே பயனற்றுப்போனது. இருவரும் எதையும் கசியவிடவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். இருந்தும், செய்தி எட்டியதும் கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தரப்பினரோடு தமக்குள்ள தொடர்பை வழக்கை ஏற்கும்போதே வக்கீல் கட்சிக்காரரிடம் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. அதன் நோக்கத்தை மதிப்பவர்கள் காதலைச் சீனியரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

சீனியரே ஜூனியரிடம் விருப்பம் தெரிவிப்பதை நான் இதனினும் கடுமையான தவறாகக் கருதுகிறேன். சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024இல் அறிவுறுத்தியது. அந்தத் தொகையையும், நீதிமன்றத்தில் பேசக் கிடைக்கும் வாய்ப்பையும் கையில் வைத்திருப்பவரிடம் ஒரு பெண் எப்படித் துணிந்து மறுப்புச் சொல்வார்? 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும் என்பதைப் பல ஜூனியர்கள் அறியாமலிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

வீட்டாரிடம் பேசுவதைத் தள்ளிப்போடுவது இன்னொன்று. இந்தப் பகுதியின் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தில் ஒன்பது கோவில் பிரிவுகள் உண்டு. ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பங்காளிகளாகக் கருதப்படுவதால் அவர்களுக்குள் மணம் பேச மாட்டார்கள். இரண்டு ஆண்டு பழகிய பிறகு அதை அறிவதைவிட, தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடுவோரின் அறிவிப்பு 30 நாட்கள் பதிவு அலுவலகப் பலகையில் இருக்கும். பத்திர நகலுக்காக அங்கே அடிக்கடி போகும் நம் குமாஸ்தாதான் அதை முதலில் படிப்பார் என்பதால், அதற்கு முன்பே சீனியரிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது.

பிரிந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமலே வேலையைத் தொடர்வதும் ஆபத்தானது. எங்கள் அலுவலகத்தில், பதிலுரையை மற்றவர் தாக்கல் செய்திருப்பார் என்று இருவருமே எண்ணியிருந்ததால், எங்கள் தரப்பைக் கேட்காமலே கட்சிக்காரருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கக் கோரி 30 நாட்களுக்குள் மனுச் செய்ய நாங்கள் அலைந்தோம். இருவரும் சேர்ந்து பார்த்துவந்த ஒவ்வொரு வழக்குக் கட்டுக்கும் அடுத்த வாய்தாவையும் பாக்கி வேலையையும் தாளில் எழுதி, குமாஸ்தாவின் முன்னிலையில் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்திருந்தால் அந்த அலைச்சல் நேர்ந்திருக்காது.